துறுதுறுப்புக்கு ஏற்ற இடம்

ஏடிஹெச்டி (ADHD, கவனக்குறைவு-மிகை இயக்கக் குறைபாடு) இருக்கும் பிள்ளையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேச நேர்ந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "உங்க பிள்ளைக்கு எது நல்லா வரும்?"

பெரும்பாலும் உடனே பதில் வராது. எது வராது என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பார்கள். வீட்டுப்பாடம் எழுத மாட்டான். எழுதினாலும் நோட்டை எங்கேயாவது விட்டுவிட்டு வருவான். சாப்பிட உட்கார்ந்தால் நாலு தடவை எழுந்திருப்பான். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துவான். பென்சில் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை எதுவும் அவனிடம் தங்காது. பள்ளி டைரியில் வந்த குறிப்புகளைப் படித்துப் படித்து இந்தப் பட்டியல் பெற்றோருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பிள்ளைக்கும்தான். பத்து வயதுக்குள் தன்னிடம் என்னென்ன குறை என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்துகொண்ட குழந்தைக்குத் தனக்கு என்ன கைவரும் என்று சொல்லத் தெரிவதில்லை.

என் தம்பிக்கு ஏடிஹெச்டி இருப்பது அவன் முப்பதைத் தாண்டிய பிறகுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். படித்ததும் பார்த்ததும் சேர்ந்து எனக்குள் ஓர் உறுதி வந்திருக்கிறது. எந்தக் குணத்துக்காக இவர்கள் திட்டு வாங்குகிறார்களோ, அதே குணம்தான் வேறோர் இடத்தில் அவர்களுடைய பலம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது சுற்றியிருக்கும் நம் எல்லோருடைய பொறுப்பு.

என்னதான் நடக்கிறது?

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குழந்தைகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 5 பேர், பெரியவர்களில் 100 பேருக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவில் ஏடிஹெச்டி இருக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பிள்ளைகள். இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகளின்படி, இந்த விஷயத்தில் மனிதருக்கு மனிதர் தெரியும் வேறுபாட்டில் சுமார் 74 சதவீதம் மரபணுக்களால் வருவது. ஆகவே 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க', 'போன் பார்த்துப் பார்த்து இப்படி ஆயிட்டான்' என்று ஓர் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2007-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மூளையை ஸ்கேன் எடுத்து, வயது ஏற ஏற அது எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளின் மூளைப் புறணி மற்றக் குழந்தைகளைப் போலவே, அதே வரிசையில்தான் முதிர்ந்தது. ஆனால் சுமார் 3 ஆண்டுகள் பிந்தி முதிர்ந்தது. திட்டமிடுதல், காத்திருத்தல், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம். பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுப் பொறுமையை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. கவனம் குறைவு என்று சொல்கிறோம். அப்படியென்றால் அதே பிள்ளை லெகோவோடு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது எப்படி? ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, நாம் நினைத்த நேரத்தில் மடைதான் திறப்பதில்லை. 'இது முக்கியம்' என்று யாரோ சொல்வதற்காக மட்டும் இந்த மூளை விழித்துக்கொள்ளாது. ஆர்வம் வேண்டும். அல்லது புதுமை, சவால், அவசரம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் வேலை செய்யும் விதத்தில் இருக்கும் வேறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள்.

மருத்துவர்கள் ஏடிஹெச்டியைக் கண்டறிய வைத்திருக்கும் பட்டியலில் 18 அறிகுறிகள் இருக்கின்றன. கவனம் சார்ந்தவை 9, ஓயாத இயக்கமும் அவசரமும் சார்ந்தவை 9. பதினெட்டும் தொல்லைகள்தான். மருத்துவப் பட்டியல் என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் ஒரே பட்டியல் அதுவாக இருக்கக் கூடாது. இன்னொரு பட்டியலும் வேண்டும்.

மூழ்கினால் முழுதாக மூழ்குவது

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸை எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக்கில் 28 பதக்கங்கள், அதில் 23 தங்கம். இன்றுவரை ஒலிம்பிக் வரலாற்றில் அவ்வளவு பதக்கம் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. அவருக்கு 9 வயதில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்டது. இவனால் எதிலும் கவனம் செலுத்தவே முடியாது என்று பள்ளியில் ஓர் ஆசிரியை சொன்னதை அவருடைய அம்மா டெபி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

டெபியும் ஓர் ஆசிரியை. மகன் எங்கே அமைதியாகிறான் என்று அவர் கவனித்தார். வகுப்பறையில் ஐந்து நிமிடம் உட்காராத பையன், நீச்சல் போட்டி நடக்கும் இடத்தில் சில நிமிடப் பந்தயத்துக்காக மணிக்கணக்கில் காத்திருந்தான். கணக்குப் பாடம் கசந்தபோது கணக்கையே குளத்துக்குள் கொண்டுபோனார்கள்: விநாடிக்கு இத்தனை மீட்டர் நீந்தினால் 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? கணக்கு அதேதான். பையனுக்கு உள்ளே வர ஒரு வாசல் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏடிஹெச்டி இருந்ததால்தான் ஃபெல்ப்ஸ் ஜெயித்தார் என்று நான் சொல்லவில்லை. 11 வயதிலிருந்து பாப் போமன் என்ற கண்டிப்பான பயிற்சியாளர் அவருடைய ஒவ்வொரு நாளையும் நேரம் பிரித்து நடத்தினார். உடல்வாகு, உழைப்பு, குடும்பம் எல்லாம் சேர்ந்தன. ஆனால் தனக்குப் பிடித்த ஒன்றில் உலகத்தையே மறந்து மூழ்கும் அந்தத் தன்மைக்கு ஒரு குளமும் ஒரு கால அட்டவணையும் கிடைத்தபோது என்ன நடக்கும் என்பதை அவர் வாழ்க்கையில் பார்க்கிறோம்.

என் தம்பி இன்று மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பு செய்கிறான். பொறியியல் படிப்பில் அரியர் மேல் அரியர் வைத்து, அலுவலக வேலைகளில் ஒட்டாமல், கடைசியில் மிக்சிங் போர்டுக்கு முன்னால் வந்து நின்றான். கச்சேரி தொடங்கிவிட்டால் அவனைக் கூப்பிட முடியாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அழுத்தமாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிவதற்குள் அவன் கை அதைச் சரிசெய்திருக்கும். நாலு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பான். மின்கட்டணம் கட்டும் தேதி அவனுக்கு நினைவில் நிற்காது. ஆனால் எந்த மண்டபத்தில் எந்த மூலையில் எதிரொலிக்கும் என்பது, அங்கே ஒரே ஒரு முறை வேலை பார்த்திருந்தாலும், அப்படியே நினைவில் இருக்கும்.

பாதையை விட்டு விலகி யோசிப்பது

"ஒரு செங்கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?" என்று கேட்டால் வீடு கட்டலாம், சுவர் கட்டலாம் என்று தொடங்குவோம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுவோம். அன்றாடப் பொருள் ஒன்றைக் கொடுத்து, அதை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் இந்த வகைச் சோதனையை அமெரிக்காவில் ஹோலி வைட், பிரிதி ஷா என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏடிஹெச்டி உள்ள மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதே ஆய்வில் மூன்று சொற்களைக் கொடுத்து மூன்றுக்கும் பொதுவான ஒரே ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்ன சோதனையில் பின்தங்கினார்கள். விரிந்து யோசிப்பது எளிது, ஒரே புள்ளியில் வந்து குவிவது கடினம்.

ஹோலி வைட் பிறகு செய்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பூமியில் இல்லாத ஒரு பழத்தை, வேற்றுக்கிரகத்துப் பழத்தைக் கற்பனை செய்து வரையச் சொன்னார்கள். சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ மனதில் வைத்துக்கொண்டு அதில் இரண்டு கொம்பு சேர்ப்போம். ஏடிஹெச்டி உள்ளவர்கள் வரைந்த பழங்கள் நமக்குத் தெரிந்த பழங்களிலிருந்து இன்னும் தூரம் விலகியிருந்தன. முன்பே தெரிந்தது அவர்கள் கற்பனையை அவ்வளவாகக் கட்டிப்போடவில்லை.

எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்வதில்லை. 2020-இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பில், ஏடிஹெச்டி குணங்கள் ஓரளவு மிகுந்த மனிதர்களிடம்தான் இந்தப் படைப்புத்திறன் தெளிவாகத் தெரிந்தது, முழு அளவில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்டவர்களிடம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. 'ஏடிஹெச்டி என்றாலே மேதை' என்ற பேச்சு பிள்ளைகளின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும், அது வேண்டாம். ஆனால் வகுப்பில் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு கேள்வி கேட்கும் பிள்ளையை 'உட்காரு' என்று சொல்வதற்கு முன், அந்தக் கேள்விக்கும் பாடத்துக்கும் அவன் மனதில் என்ன முடிச்சு விழுந்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பல நேரம் நமக்குத் தோன்றாத ஒரு முடிச்சு அங்கே இருக்கும்.

அவசரத்தில் வரும் நிதானம்

2015 டிசம்பர் முதல் வாரம். சென்னையில் அடையாறு கரையோரம் இருந்தவர்களுக்கு அந்த வெள்ள இரவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் முதல் மாடியில் குடியிருந்தோம். மின்சாரம் போய், செல்போன் செத்து, கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது தெருவே கலங்கி நின்றது. என் தம்பி மட்டும் கலங்கவில்லை. மாடிப்படிச் சுவரில் மார்க்கர் பேனாவால் எழுத ஆரம்பித்தான்: எந்த வீட்டில் வயதானவர்கள், யாருக்கு இன்சுலின், எங்கே கைக்குழந்தை. காலி தண்ணீர் கேன்களைக் கயிற்றால் கட்டி, அதன் மேல் கதவுப் பலகையைப் போட்டு மிதக்க வைத்தான். பக்கத்துத் தெருப் பையன்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு வேலை கொடுத்தான். "அக்கா, நீ பால் பவுடர் கணக்கை மட்டும் பாத்துக்கோ" என்றான். சாதாரண செவ்வாய்க்கிழமையில் சாவியைத் தேடித் தவிக்கும் அதே தம்பிதான்.

அப்போது அவனுக்கு ஏடிஹெச்டி இருப்பது எங்களுக்குத் தெரியாது. பிறகு பல குடும்பங்களில் இதையே கேட்டிருக்கிறேன். வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால், வழியில் விபத்து நடந்தால், எல்லோரும் பதறும்போது இவர்களுக்குத் தலை தெளிந்துவிடுகிறது. அவசரமும் புதுமையும் சேர்ந்து வரும் வேளையில் அந்த மூளைக்குத் தேவையான தூண்டுதல் கிடைத்துவிடுகிறது. தீயணைப்பு, அவசர சிகிச்சைப் பிரிவு, செய்தியாளர் வேலை, ஹோட்டல் சமையற்கட்டு மாதிரியான இடங்களில் இப்படிப்பட்டவர்கள் சிலர் நிலையாக நின்று பேர் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'ஒன்றில் நிற்க மாட்டேன் என்கிறான்' என்ற புகாரையும் ஓர் ஆய்வு திருப்பிப் போட்டுப் பார்த்தது. 2024-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 457 பேரை ஒரு கணினி விளையாட்டு விளையாட வைத்தார்கள். எட்டு நிமிடத்தில் புதர்களிலிருந்து முடிந்த அளவு பழம் பறிக்க வேண்டும். ஒரே புதரில் பறிக்கப் பறிக்க விளைச்சல் குறையும். புதுப் புதருக்குப் போனால் வழியில் நேரம் வீணாகும். ஏடிஹெச்டி அறிகுறிகள் அதிகமாக இருந்தவர்கள் பழைய புதரைச் சீக்கிரம் விட்டுவிட்டுப் போனார்கள். சராசரியாக 602 பழம் சேர்த்தார்கள். மற்றவர்கள் சேர்த்தது 521.

இதற்கு முன்பே, 2008-இல், வட கென்யாவின் அரியால் மக்களிடம் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கால்நடைகளோடு இடம் மாறி மாறி வாழ்கிறார்கள். இன்னொரு பகுதியினர் ஊரில் நிலையாகக் குடியேறிவிட்டார்கள். புதுமையைத் தேடும் குணத்தோடும் ஏடிஹெச்டியோடும் ஓரளவு தொடர்புள்ளதாகக் கருதப்படும் ஒரு மரபணு வடிவம் இருந்த ஆண்கள், நாடோடிகளாக இருந்த இடத்தில் மற்றவர்களைவிட நல்ல உடல்கட்டோடு இருந்தார்கள். குடியேறியவர்களில் அதே வடிவம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட மெலிந்திருந்தார்கள். மரபணு வடிவம் ஒன்றுதான், வாழ்க்கைமுறை வேறு. ஒரே ஓர் ஆய்வை வைத்து மனித வரலாறு முழுவதையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு குணம் நல்லதா கெட்டதா என்று, அது எங்கே வாழ்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தொடங்கிப் பார்க்கும் துணிச்சல்

டேவிட் நீல்மன் என்ற தொழில்முனைவோர் தனக்கு ஏடிஹெச்டி இருப்பதை வெளிப்படையாகச் சொல்பவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அமெரிக்காவில் ஜெட்புளூ, பிரேசிலில் அசுல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிறுவனங்களைத் தொடங்கியிருக்கிறார். ஒரு விமான நிறுவனத்தைத் தொடங்குவதே பலருக்கு வாழ்நாள் கனவு. காகித டிக்கெட் இல்லாமல் விமானம் ஏறலாம் என்பதை 1990-களின் தொடக்கத்தில் தன் முதல் நிறுவனமான மாரிஸ் ஏரில் நடத்திக் காட்டியவர்களில் முன்னோடி அவர். வீட்டு மின்கட்டணம் கட்டுவதைவிட இருபது விமானங்களுக்குத் திட்டம் போடுவது தனக்கு எளிது என்று சொல்லியிருக்கிறார். அதனால் அவர் என்ன செய்தார்? கணக்கு, கோப்பு, ஒழுங்கு இவற்றில் தேர்ந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். மற்றவர்கள் 'சரிப்பட்டு வருமா' என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நீல்மன் போன்றவர்கள் இறங்கிவிடுகிறார்கள். இறங்கிய வேலையை முடித்துவைக்க ஒரு துணை கிடைத்தால் பெரிய காரியங்கள் நடக்கின்றன. நம் ஊரில் கணவன் புதுப்புது யோசனையோடு ஓட, மனைவி கல்லாவையும் கணக்கையும் பிடித்துக்கொள்ள, நன்றாக ஓடும் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில கடைகளில் ஓடுகிறவர் மனைவி, பிடிக்கிறவர் கணவன்.

மனசு

2017-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு என்னைத் தொட்டது. இந்தியா, பிரேசில், சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா, ஸ்வீடன் என்று ஐந்து நாடுகளில் ஏடிஹெச்டி உள்ளவர்களோடும் குடும்பத்தினரோடும் அவர்களுக்காக வேலை செய்பவர்களோடும் உட்கார்ந்து பேசி, என்ன முடியவில்லை என்பதோடு என்ன முடிகிறது என்பதையும் கேட்டார்கள். மிகுந்த ஆற்றல், படைப்புத்திறன், மூழ்கும் கவனம் என்று நாம் எதிர்பார்ப்பவை வந்தன. கூடவே இரக்கம், பிறருக்கு உதவ முன்வரும் மனம், எல்லோரோடும் ஒத்துப்போகும் சுபாவம் என்ற பதில்களும் வந்தன.

இதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். வகுப்பில் ஒருவனை எல்லோரும் கிண்டல் செய்தால் பொறுக்காமல் எழுந்து சண்டைக்குப் போகும் சிறுமி. தன் டிபன் பாக்ஸை முழுதாகக் கொடுத்துவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வரும் பையன். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் இவர்கள் வாயில் பொய் தங்குவது கடினம். அடிக்கடி விழுந்து எழுந்த காரணத்தால், விழுந்து கிடப்பவரைப் பார்த்தால் இவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. திட்டு வாங்கிய சாயங்காலமே எல்லாவற்றையும் மறந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையிடம் எவ்வளவு மன்னிப்பு இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் ஓடியாடித் தொந்தரவு செய்வதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். 'கனவுலயே மிதக்குறா' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதனால் அவர்களுக்கு ஏடிஹெச்டி இருப்பது தெரியாமலே போகிறது. பலமும் கண்ணில் படாமல் போகிறது. கதை சொல்லும் திறன், யார் முகம் வாடினாலும் முதலில் கவனிக்கும் நுட்பம், ஆழமான கற்பனை இவையெல்லாம் அந்த ஜன்னலோரத்தில்தான் இருக்கின்றன.

சர்க்கரை பூசிச் சொல்லவில்லை

பலங்களைப் பேசுவது கஷ்டத்தை மறைப்பதற்காக இல்லை. சிகிச்சையோ ஆதரவோ இல்லாமல் விட்டால் ஏடிஹெச்டி வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கிறது. 2025-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வின்படி, ஏடிஹெச்டி கண்டறியப்பட்ட பெரியவர்களின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆண்களுக்கு ஏறத்தாழ 7 ஆண்டும் பெண்களுக்கு எட்டரை ஆண்டுக்கு மேலும் குறைவாக இருக்கிறது. விபத்து, புகை, மது, மனச்சோர்வு, உடல் நலத்தைக் கவனிக்காமல் விடுவது என்று வழிகள் பல. 'அது ஒரு வரம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பது பிள்ளைக்கு நாம் இழைக்கும் அநீதி.

மருந்து கொடுத்தால் பிள்ளையின் துடிப்பும் கற்பனையும் போய்விடுமோ என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. சிலருக்கு மருந்தின் அளவோ வகையோ ஒத்துவராமல் பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். சரியாக அமைந்தால் நிலைமை வேறு. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் மருத்துவ விவரங்களை 2016-இல் இணையத் திருடர்கள் வெளியிட்டார்கள். ரியோ ஒலிம்பிக்கில் அவர் 4 தங்கம் வென்ற சில வாரங்களில் நடந்தது இது. அவர் ஒளியவில்லை. சிறுவயதிலிருந்தே தனக்கு ஏடிஹெச்டி இருக்கிறது, அதற்கு மருந்து எடுக்கிறேன், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று உலகத்துக்கே அறிவித்தார். முறையான அனுமதியோடு எடுத்த மருந்துதான் அது. அந்த மருந்து அவருடைய துணிச்சலையோ காற்றில் சுழலும் அழகையோ எடுத்துவிடவில்லை. சிகிச்சையும் பலமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் பேசியிருக்கிறார். 'சூப்பர் டீலக்ஸ்', 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் நம்மை அசரடித்த ஃபகத் ஃபாசில், 2024-இல் கேரளத்தின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில் தனக்கு 41 வயதில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்டது என்று மேடையிலேயே சொன்னார். அதே ஆண்டில் நடிகை ஆலியா பட்டும் தனக்கு ஏடிஹெச்டி இருப்பதைப் பற்றிப் பேசினார். கேமரா முன்னால் நிற்கும்போதும் மகளோடு இருக்கும்போதும்தான் தன் மனம் முழுதாக அந்த நொடியில் நிற்கிறது என்றார். இவர்கள் பேசியதால், நாற்பது வயதில் 'எனக்கும் இதுதானோ' என்று யோசிக்கும் எத்தனையோ பேருக்கு மருத்துவரிடம் போகத் தயக்கம் குறைந்திருக்கும்.

வீட்டிலும் பள்ளியிலும் வேலையிலும்

2025-இல் பாத் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏடிஹெச்டி உள்ள 200 பெரியவர்களையும் இல்லாத 200 பேரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 25 நல்ல குணங்களைக் கொடுத்து, இவற்றில் உங்களிடம் இருப்பவை எவை என்று கேட்டார்கள். மூழ்கும் கவனம், நகைச்சுவை, படைப்புத்திறன், உள்ளுணர்வு உட்பட 10 குணங்களில் ஏடிஹெச்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிட அழுத்தமாக ஆம் என்றார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த முடிவு. தன் பலம் எது என்று தெரிந்து, அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள், இரண்டு குழுவிலுமே, நல்ல மனநிலையோடும் மேலான வாழ்க்கைத் தரத்தோடும் இருந்தார்கள். பலம் இருப்பதோடு வேலை முடியவில்லை. அது இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், பயன்படுத்த இடம் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளையைப் பாராட்டும்போது 'குட் பாய்' என்று நிறுத்திவிடாதீர்கள். நடந்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "பாட்டி கீழே விழப் பார்த்தப்ப நீதான் முதல்ல ஓடிப்போய்ப் பிடிச்ச. உனக்குச் சட்டுனு யோசிக்க வருது." இப்படி ஒரு வாக்கியம் பிள்ளைக்குப் பல வருடம் துணை நிற்கும். எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான் என்று கவனித்துப் பாடத்தை அதன் வழியாகக் கொண்டுபோங்கள். கிரிக்கெட் பைத்தியமா? சராசரியும் சதவீதமும் ஸ்கோர்போர்டிலேயே இருக்கின்றன. வீட்டுப்பாடத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதே இவர்களுக்குப் பெரிய உதவி.

ஆசிரியர்களே, கரும்பலகையைத் துடைக்க, நோட்டுகளை விநியோகிக்க, அடுத்த வகுப்புக்குச் செய்தி கொண்டுபோக இந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எழுந்து நடக்க அவனுக்குக் காரணம் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகக் கொடுங்கள். விளையாட்டு பீரியடையும் ஓவிய வகுப்பையும் தண்டனையாகப் பறிக்காதீர்கள். அவன் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

வேலை கொடுப்பவர்களே, உங்கள் அணியில் புதிய யோசனைகளைக் கொட்டிவிட்டு அறிக்கையைத் தாமதமாகக் கொடுக்கும் ஒருவர் இருந்தால், அவரோடு ஒழுங்கில் தேர்ந்த ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். வாய்வழியாகச் சொன்னதை எழுத்திலும் கொடுங்கள். தேதிகளை நெருக்கமாக வையுங்கள். இதற்குப் பணம் செலவில்லை.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதலில் பேசிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, ஏடிஹெச்டியோடு வளர்ந்து இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு. நீங்கள் சோம்பேறி இல்லை, பொறுப்பற்றவரும் இல்லை. மற்றவர்கள் யோசிக்காமல் செய்யும் வேலைகளை இரண்டு மடங்கு முயற்சி போட்டுச் செய்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அந்த விடாமுயற்சியையும் உங்கள் பலங்களின் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். வராத வேலைக்குத் துணை கேளுங்கள், அலாரம் வையுங்கள், மருந்து தேவையென்றால் மருத்துவர் சொன்னபடி எடுங்கள், இதில் எதற்கும் வெட்கம் வேண்டாம். இந்த வாரத்தில் உங்களுக்குத் தானாக வரும் ஒரு வேலைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அடுத்த வாரம் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். உங்களுக்கான இடம் அந்த மணி நேரத்திலிருந்துதான் வளரும்.